சந்திகளால் ஆன நகரம்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறிக் காங்கேசன்துறை வீதியால் வடக்கே போகிறவருக்கு நகரம் எந்த இடத்தில் முடிகிறது என்று சொல்ல முடியாது. வண்ணார்பண்ணை, தட்டாதெரு, கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று சந்திகள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சந்தியிலும் மருந்துக்கடை, வங்கிக் கிளை, டியூட்டரி, நகைக்கடை. சந்தியைத் தாண்டினால் மதில்கள், ஒழுங்கைகள், இடையிடையே செம்மண் தோட்டம். பிறகு அடுத்த சந்தி. கிராமம் என்று நினைக்கும்போது நகரம்போல் இருக்கும். நகரம் என்று நினைக்கும்போது வெங்காயப் பாத்தி தெரியும்.

அரசாங்கத்தின் கணக்கில் மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. இலங்கையில் மாநகரசபைக்கும் நகரசபைக்கும் உட்பட்ட இடம் நகரம். பிரதேச சபைக்கு உட்பட்டது கிராமம். எத்தனை பேர் நெருங்கி வாழ்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஒரு காலத்தில் சுன்னாகம், மானிப்பாய், காங்கேசன்துறை போன்ற இடங்களுக்குப் பட்டினசபைகள் இருந்தன. அவை நகரக் கணக்கில் சேர்ந்தன. பட்டினசபைகள் ஒழிந்து, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் அந்த இடங்கள் பிரதேச சபைகளுக்குள் சேர்ந்தன. ஒரு கட்டடமும் இடியாமல், ஒரு கடையும் மூடாமல், சுன்னாகம் கிராமமாகிவிட்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் நகர மக்கள் 18 வீதம்தான் என்று வந்ததற்கும் இந்த அளவுகோலே பெரிய காரணம்.

கடலுக்கு அப்பால் கேரளத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2001இல் அங்கே நகர மக்கள் 26 வீதம். 2011இல் ஏறத்தாழ 48 வீதம். பத்து ஆண்டுகளில் மலையாளிகள் வீட்டைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்குப் போய்விடவில்லை. மக்கள் தொகை, அடர்த்தி, ஆண்களில் எத்தனை வீதத்தினர் விவசாயம் அல்லாத வேலை செய்கிறார்கள் என்ற மூன்றையும் பார்த்து ஓர் ஊரைப் பட்டணமாகக் கணக்கிடுவது இந்தியாவின் வழக்கம். அந்த அளவுகோலின்படி நூற்றுக்கணக்கான கேரளப் பஞ்சாயத்துகள் பட்டணங்களாகக் கணக்கில் ஏறின. வெளிநாட்டுப் பணம், வீட்டுக்கு வீடு கிணறு, நீண்டு கிடக்கும் கடைவீதி என்று பார்த்தால் கேரளத்தின் கரையோரமும் யாழ்ப்பாணக் குடாநாடும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று நகரம் என்று எழுதப்பட்டது, மற்றது கிராமம் என்று.

பொருளியல் பாடநூல் சொல்லும் கதை வேறு. மான்செஸ்டரில் ஆலை வருகிறது, ஆலை ஆட்களை இழுக்கிறது, நகரம் பெருக்கிறது, வருமானம் கூடுகிறது. தென் கொரியாவும் சீனாவும் பின்னாளில் அதே வழியில் போயின. ஆனால் ஆலை இல்லாமலே பெருத்த நகரங்கள் ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் நிறைய உண்டு. டக்ளஸ் கோலின், ரெமி ஜெட்வாப், டீட்ரிக் வோல்ராத் ஆகிய மூவர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இவற்றை நுகர்வு நகரங்கள் என்று பிரித்துக் காட்டியது. எண்ணெயோ கனிமமோ விற்று வந்த பணம் நகரத்தில் செலவாகிறது. கடையும் கட்டடமும் சேவையும் பெருகுகின்றன. உற்பத்தி மட்டும் பின்தங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்துக்கு எண்ணெய்க் கிணறு கிடையாது. அது வெளியே அனுப்பியது முதலில் புகையிலை, பிறகு மனிதர்கள்.

துறைமுகமும் கோட்டையும் முதலில் வந்தன. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து, தலைமையிடத்தை நல்லூரிலிருந்து கடலோரத்துக்கு மாற்றினார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் ஐங்கோணக் கோட்டை கட்டினார்கள். அதற்கு வெளியே பறங்கித்தெருவும் பிரதான வீதியும் எழுந்தன. வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் ஆனையிறவின் ஆழமில்லாத நீரைக் கடந்து குடாநாட்டுக்கு வந்து, இந்திய வியாபாரிகளுக்கு விலைபோயின. சங்கு, பனை மரம், சாயவேர் எல்லாம் கப்பலேறின. வண்ணார்பண்ணையில் வைத்தீசுவரன் கோயிலைக் கட்டிய வைத்திலிங்கச் செட்டியார் அந்த வியாபார உலகத்து மனிதர்தான்.

இவற்றுள் நீடித்து நின்ற சரக்கு புகையிலை. திருவிதாங்கூர் சமஸ்தானம் புகையிலை விற்பனையைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. அங்கே விரும்பி வாங்கப்பட்டது யாழ்ப்பாணச் சரக்கு. கேரளத்தில் இன்றைக்கும் ஒரு வகைப் புகையிலைக்கு யாழ்ப்பாணத்தின் பெயர்தான் வழங்குகிறது. பின்னர் அந்தச் சந்தை சுருங்கியபோது கொக்குவில், கொண்டாவில், தாவடிப் பக்கத்துச் சுருட்டுக் கொட்டில்கள் தெற்கே சிங்கள ஊர்களைப் பிடித்துக்கொண்டன. காலியிலும் கண்டியிலும் சுருட்டுக்கடை என்றால் அது யாழ்ப்பாணத்தாரின் கடை. கொட்டிலில் ஒருவர் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள். குடாநாட்டின் தொழிலாளர் அரசியலுக்கு அந்தக் கொட்டில்களும் ஒரு பள்ளிக்கூடம். ஆனாலும் அவை கொட்டில்களாகவே நின்றன, ஆலைகளாக வளரவில்லை.

ஆட்களை ஒரே இடத்தில் குவிக்கும் அவசியமும் அங்கே இருக்கவில்லை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழை ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடும். சுண்ணக்கல் அதை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். எங்கே கிணறு வெட்டினாலும் தண்ணீர் கிடைக்கும் என்பதால், தண்ணீர் தேடி ஒரே இடத்தில் நெருக்கியடித்து வாழ வேண்டியதில்லை. இரண்டாவது காரணம் காணி. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டம் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை வகுத்தது. காணி மகளுக்குச் சீதனமாகப் போகும், அவள் மகளுக்கும் போகும், ஒவ்வொரு தலைமுறையிலும் பரப்புக் கணக்கில் துண்டாகும். பங்காளிக்கு முதலில் சொல்லாமல் வெளியாருக்கு விற்க முடியாது. ஆலை கட்ட ஒரே துண்டில் பெரிய நிலம் வாங்க நினைத்தவர் எத்தனை உறுதிகளைப் புரட்ட வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது காரணத்தை அமெரிக்கர் கொண்டுவந்தார்கள். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் பட்டணத்தில் குவியாமல் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று ஊர் ஊராகப் பரவினார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி, 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை, மானிப்பாயில் அச்சுக்கூடம். 1841இல் உதயதாரகை பத்திரிகை தொடங்கியது. வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்தபடியே தமிழில் மேலை மருத்துவம் கற்பித்தார். உயர்கல்வி, அச்சு, ஆஸ்பத்திரி என்று பிற நாடுகளில் நகரத்துக்கே உரியவையாக இருந்தவை இங்கே பனங்கூடலுக்கு நடுவே வந்து உட்கார்ந்தன. போட்டிக்குச் சைவப் பாடசாலைகளும் ஊர் ஊராக எழுந்தன. பட்டணத்துக்குக் குடிபோகாமலே படித்தவனாகலாம் என்ற நிலைமை 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது.

படித்த பிள்ளைக்கு ஊரில் என்ன வேலை? பிரிட்டிஷ் ஆட்சி கிளாக்கர் கேட்டது, ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டது, நில அளவையாளர் கேட்டது. கொழும்பு, கண்டி, பிறகு 1870களுக்குப் பின் மலாயா. அங்கே றெயில் பாதை போடவும் காடு அளக்கவும் ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில (அரசாங்கத்தில்) மேய்க்கவேணும் என்ற யாழ்ப்பாணப் பழமொழிக்குப் பின்னால் உள்ள பொருளாதாரம் இதுதான். மாதச் சம்பளமும் பென்ஷனும் தரும் பாதுகாப்பைப் புகையிலையும் தரவில்லை, வியாபாரமும் தரவில்லை.

1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே றெயில் ஓடியது. 1905 ஓகஸ்டில் பாதை கொழும்போடு இணைந்தது. அந்தப் பாதையில் தெற்கே போனவர்கள் பிள்ளைகள். வடக்கே வந்தது காசுக்கட்டளை. தபாற்கந்தோர் வழியாக வந்த அந்தப் பணம் கல்வீடாக, கோயில் கோபுரமாக, பாடசாலைக் கட்டடமாக, சீதனமாக மாறியது. இவை வீணான செலவு என்று எளிதில் தள்ளிவிட முடியாது. பாடசாலைக்குப் போட்ட பணம் அடுத்த தலைமுறைக் கிளாக்கரையும் வைத்தியரையும் உண்டாக்கியது. அந்தத் தலைமுறையும் வெளியே போய்த்தான் உழைத்தது என்பது மட்டுமே குறை. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் பணம் வரும் வழி அடைபட்டது. கடல் கடந்த சம்பளத்தில் கட்டிய பொருளாதாரம் எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதற்கு அது முதல் எச்சரிக்கை. யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

வடகரையில் வேறு மாதிரியான மனிதர்களும் இருந்தார்கள். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் சொந்தமாகப் பாய்க்கப்பல் கட்டி, வங்காள விரிகுடா எங்கும் சரக்கு ஏற்றினார்கள். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு 1938இல் மாசச்சூசெட்ஸ் கரையில் உள்ள குளொஸ்டர் துறைமுகம் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட கப்பல்கட்டும் கைத்திறன் ஒரு தொழில்துறையாக வளர்ந்திருக்க முடியும். நீராவிக் கப்பலும், சுதந்திரத்துக்குப் பின் வந்த சுங்கக் கட்டுப்பாடுகளும் அதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டன.

சுதந்திரத்துக்குப் பின் சில காலம் நகரம் நகரம்போல் நடந்துகொண்டது. 1949இல் மாநகரசபை வந்தது. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியது. கைக்கு எட்டிய தூரத்தில் சுண்ணக்கல் கிடந்ததால் குடாநாட்டுக்குக் கிடைத்த ஒரே பெரிய ஆலை அது. 1956இல் யாழ்தேவி றெயில் ஓடத் தொடங்கியது. 1959இல், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த பொது நூலகக் கட்டடம் திறக்கப்பட்டது. க. மு. செல்லப்பா 1930களில் தன் வீட்டில் தொடங்கிய சிறு வாசிகசாலையே அதன் வேர்.

அதே 1956இல்தான் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. கிளாக்கர் உத்தியோகத்துக்கான கதவு ஒடுங்கியது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது வைத்தியருக்கும் பொறியியலாளருக்குமான கதவும் ஒடுங்கியது. படிப்பை உத்தியோகமாகவும் உத்தியோகத்தைக் கல்வீடாகவும் மாற்றிய ஒரு சமூகத்துக்கு இது மொழிப் பிரச்சினை மட்டுமில்லை. வருமானத்தின் அடிக்கல்லே பெயர்ந்தது.

விசித்திரமாக, அந்த ஆண்டுகளிலேயே குடாநாட்டு மண் தன் வரலாற்றில் கண்டிராத காசைப் பார்த்தது. 1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த தோட்டங்களில் மண்ணெண்ணெய்ப் பம்பு இரைந்தது. சுன்னாகம், கொடிகாமம், அச்சுவேலிச் சந்தைகளில் கொழும்பு லொறிகள் வரிசை கட்டின. படித்த பிள்ளைகளும் தோட்டத்துக்கு இறங்கினார்கள். உத்தியோகக்காரன் வீட்டுக்குச் சமமாகத் தோட்டக்காரன் வீடு எழுந்தது. சீதனச் சந்தையிலும் தோட்டக்காரனுக்கு மதிப்பு வந்தது. வெளியே உழைத்த சம்பளத்தில் இல்லாமல், சொந்த உற்பத்தியில் குடாநாட்டுச் சந்திகள் வளர்ந்த காலம் அது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதி வெங்காயமும் மிளகாயும் விலையைச் சாய்த்தன. அந்தச் செழிப்பு ஏழு ஆண்டுதான் நீடித்தது.

ஒன்றை இங்கே சொல்லாமல் போனால் இந்த வரலாறு பாதிதான். வீட்டுக்கு வீடு கிணறு என்பது காணி உள்ளவர்களின் கதை. ஒடுக்கப்பட்ட சாதியாருக்குப் பல ஊர்களில் கிணறு இல்லை. வேலிக்கு வெளியே நின்று யாராவது ஊற்றட்டும் என்று காத்திருந்தார்கள். பெருநகரம் உள்ள இடங்களில் முகம் தெரியாத கூட்டம் சாதிக்கட்டைக் கொஞ்சமாவது தளர்த்தும். யாழ்ப்பாணத்தில் அப்படிக் கரைந்துபோக ஒரு கூட்டம் இல்லை. சந்திக் கடைக்காரருக்கு வருகிறவரின் ஊரும் குறிச்சியும் தெரியும். அதனால்தான் 1960களின் இறுதியில் தேநீர்க்கடையில் சமமாக உட்காரவே போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மறியல் நடந்தது. கிராமத்து அமைதியோடு வாழும் நகரம் என்று குடாநாட்டைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

போர்க்கால வரலாறு வேறு இடங்களில் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. நகரத்துக்கு என்ன நேர்ந்தது என்பது மட்டும் இங்கே போதும். 1981இல் நூலகம் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 1990 ஜூனில் கடைசி றெயில் ஓடியது. சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம் மக்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். சோனகத் தெரு வெறுமையானது. இரும்புக்கடை, தையல், நகை என்று நகரத்தின் வியாபாரத்தில் ஒரு பகுதி அவர்களோடு போயிற்று. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தார்கள். மோட்டார் சைக்கிளைப் பெற்றோல் துளிவிட்டு உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி வலிகாமம் முழுவதும் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. 1981இல் மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ 1 லட்சத்து 18 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012இல் 88 ஆயிரம். மாவட்டத்தின் தொகை 7 லட்சத்து 38 ஆயிரத்திலிருந்து 5 லட்சத்து 83 ஆயிரமாக இறங்கியது. உலகின் வளரும் நாடுகளில் நகரங்கள் வீங்கிக்கொண்டிருந்த அதே முப்பது ஆண்டுகளில் இந்த நகரம் சுருங்கியது.

2009க்குப் பின் பணம் திரும்பி வந்தது; இந்த முறை ரொறன்ரோ, லண்டன், பரிஸ், சூரிச் வழியாக. வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் ஆஸ்பத்திரி வீதியிலும் ஸ்டான்லி வீதியிலும் பலகை மாட்டின. 2013இல் கார்கில்ஸ் சதுக்கம் திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணம் வரை வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையைத் தொட்டது. 2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம். கல்யாண மண்டபங்கள், மாடி வீடுகள், ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் திறக்கப்படும் வீடுகள். காணி விலை உள்ளூர்ச் சம்பளத்துக்கு எட்டாத உயரம் போயிற்று. பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுவிக்கப்பட்டது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை மட்டும் எலும்புக்கூடாகவே நின்றது. கோலினும் மற்றவர்களும் வரைந்த நுகர்வு நகரத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் புலம்பெயர்ந்தவர்களைக் குறை சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. ஒரு காலத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த பணம் செய்ததையே இன்று ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து வரும் பணமும் செய்கிறது. தொழிலில் போடத் தகுந்த காணித் துண்டும், கடன் வசதியும், அரசியல் உறுதியும் இல்லாத இடத்தில் பணம் வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும்தான் போகும்.

சந்திகளால் ஆன இந்த நகரத்துக்கு இன்று வந்திருக்கும் சிக்கல் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. மாநகரில் கூடக் கழிவுநீர்க் குழாய் வலை கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் முன்னே கிணறு, பின்னே மலக்குழி. தோட்டத்து உரமும் மலக்குழியின் கசிவும் சேர்ந்து கிணற்று நீரில் நைத்திரேற்றை ஏற்றியிருக்கின்றன. சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது. ஒரு கிணற்றில் சேர்ந்தது அடுத்த கிணற்றுக்குப் போகும். சுண்ணக்கல்லுக்குச் சபை எல்லை தெரியாது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கேட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. கடைசியில் 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. எங்கே வெட்டினாலும் தண்ணீர் என்று பரந்து குடியேறிய மக்கள் இப்போது கடல்நீரை வடிகட்டிக் குடிக்கிறார்கள்.

மாவட்டத்தில் ஒரு மாநகரசபை, மூன்று நகரசபை, பதின்மூன்று பிரதேச சபை, ஆக மொத்தம் 17 சபைகள். மாநகரத்தின் குப்பை எல்லைக்கு வெளியே கல்லுண்டாய் வெளியில் கொட்டப்படுகிறது. சுன்னாகத்துக் கழிவெண்ணெய் அயலூர்க் கிணறுகளுக்கும் போயிற்று. கிராமம் என்று எழுதப்பட்ட சந்திகளுக்கு வடிகால் திட்டமும் இல்லை, கட்டட ஒழுங்கும் பெயரளவில்தான். குடாநாட்டை ஒரே நகரமாக எண்ணி, தண்ணீருக்கும் கழிவுக்கும் குப்பைக்கும் 17 சபைகளையும் சேர்த்த ஒரு பொது அமைப்பை மாகாண மட்டத்தில் உண்டாக்க வேண்டும். அடுத்த குடிசன மதிப்பீட்டுக்கு முன்னர் சுன்னாகத்தையும் மானிப்பாயையும் திருநெல்வேலியையும் நகரம் என்று கணக்கில் எழுதுவது அதற்கு முதல் வேலை.